பெயரை நீக்கினால் போதுமா? கடற்கரை வீடுகளின் நுண்தரவைக் கேட்டுப் பெறுவது பற்றி

மண்டபம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள் நான். சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஆண்கள் விசைப்படகில் கூலிக்குப் போக, பெண்கள் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் வீடுகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் எவ்வளவு ஏறுகிறது, அந்தக் கடன் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் படிப்பை என்ன செய்கிறது என்பதே என் கேள்வி.

இதற்கு இரண்டு வகை நுண்தரவு, அதாவது மொத்தமாகத் தொகுக்காத தனித்தனி விவரம், வேண்டும். மாதிரிக் கணக்கெடுப்புகளில் வீடு வீடாகப் பதிவான விவரம் ஒன்று. தடைக்கால நிவாரணம், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, பள்ளி மாணவர் பதிவு போன்ற நிர்வாகப் பதிவேடுகள் மற்றொன்று. பெயர் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும், ஓர் அலுவலகத்திலிருந்து ‘இரகசியம், தர இயலாது’ என்ற ஒரே வரியோடு விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பெயரை நீக்கிய பிறகு அதில் இரகசியம் என்ன மிஞ்சுகிறது? பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கெடுப்பாளர், இராமநாதபுரம்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் இந்த மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவன்.

ஒரு முறை ஏர்வாடிப் பக்கத்தில் ஓலைத் தாழ்வாரம் ஒன்றில் உட்கார்ந்து கடன் பற்றிய பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாறையில் கை கிழியாமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை அந்த அம்மாள் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே பதில் சொல்லி வந்தார். ‘யாரிடம் வாங்கினீர்கள், எவ்வளவு பாக்கி’ என்று கேட்டதும் விரல்கள் நின்றுவிட்டன. அடுத்த சுவரைக் கண்ணால் காட்டி, “அவுகளுக்குப் போகாதுல்ல?” என்று மெல்லக் கேட்டார். கடன் கொடுத்தவரின் வீடு அந்தச் சுவருக்கு அப்பால். போகாது என்று சொன்னேன். அந்தச் சொல்லை நம்பித்தான் தொகையைச் சொன்னார். அந்தத் தாளில் அவர் பெயரை அழித்துவிட்டு, ஊர், குடும்பத்தில் ஐந்து பேர், கைம்பெண், பாசித் தொழில், மூத்த மகன் மாற்றுத்திறனாளி என்பதை மட்டும் விட்டு வையுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்குப் பெயர் எதற்கு?

வெளியூர்க்காரர்கள் பெரிய நகரத்தை மனத்தில் வைத்து இந்த விதிகளைப் படிக்கிறார்கள். அமெரிக்காவில் 1990களின் இறுதியில் லதான்யா ஸ்வீனி, பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளை 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே அடையாளம் கண்டார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிவிடும் என்றும் கணக்கிட்டார். நம் கரையில் வாக்காளர் பட்டியல் கூடத் தேவையில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கே எல்லா வீடும் தெரியும்.

நம் சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பெற்ற தகவலைப் புள்ளியியல் நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. வெளியிடும் புள்ளிவிவரத்தில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனாலும் தகவல் தந்தவர் யாரென்று பிறர் கண்டுகொள்ள முடியாதபடி அது அமைந்திருக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: அந்தப் படிவங்களை யாரும் பார்வையிட உரிமை கோர முடியாது. உங்களுக்கு வந்த ஒரு வரி மறுப்பு நல்ல மறுப்பு என்று நான் சொல்லவில்லை. மறுப்பதற்குக் காரணம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

தங்கச்சிமடம் கடல்தொழிலாளி

ஐயா சொன்னது சரி. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் வாசலுக்கு வந்து எழுதிப் போகாத ஆளில்லை. 2008இல் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகு கைரேகை எடுத்து அட்டை கொடுத்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆண்டுகளில் மீனவர் கணக்கெடுப்பு நடத்தியது. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம், 1971இல் கொச்சிக்குப் போகும் வரை எங்கள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இப்படி எத்தனையோ பேர் எழுதிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து ‘உங்கள் ஊரில் இது இப்படி இருக்கிறது’ என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இரகசியம் என்று கதவைச் சாத்திவிட்டால், தடைக்கால நிவாரணம் யாருக்குப் போய்ச் சேரவில்லை, சங்கப் பதிவில்லாத பெண்கள் எத்தனை பேர் என்று கேட்க எங்களுக்கு ஆதாரம் எங்கிருந்து கிடைக்கும்? கரையில் பாசி எடுக்கும் பெண்ணைப் பாதிக் காகிதங்களில் ‘இல்லத்தரசி’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மாணவி கேட்கும் கேள்வி எங்களுக்கு வேண்டிய கேள்வி. ஒரு நியாயமும் எனக்குப் புரியவில்லை: நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியல் பெயரோடு இணையத்தில் இருந்ததே, அது மட்டும் எப்படி?

தரவு ஆய்வாளர், சென்னை

அண்ணன் கேட்டதற்கு விடை நோக்கத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் செலவான பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்தது; சமூகத் தணிக்கைக்காகத்தான் அந்தப் பட்டியல் திறந்து வைக்கப்பட்டது. கணக்கெடுப்பில் தந்த விடையின் நிலை வேறு. அங்கே ஒருவர் பணம் பெறவில்லை. நம்பிக்கையின் பேரில் தன் வீட்டுச் செய்தியைத் தந்திருக்கிறார். நிவாரணப் பதிவேடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெற்றவர் பெயரும் தொகையும் ஊருக்குத் தெரிய வேண்டியவை. அவருடைய வங்கிக் கணக்கும் ஆதார் எண்ணும் யாருக்கும் தெரியத் தேவையற்றவை.

இனி மாணவிக்கு. நீங்கள் ‘நுண்தரவு’ என்று ஒரே சொல்லில் கேட்பதால்தான் ஒரே சொல்லில் மறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கதவுகள் பல, ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளின் அலகுநிலைத் தரவை, அதாவது ஒவ்வொரு வீட்டின் விடையும் தனித்தனியாக உள்ள தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2022-23, 2023-24 ஆண்டுகளின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும், 2017-18 முதல் நடக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பும் அங்கே உள்ளன. இவற்றுக்கு எந்த அலுவலகத்தின் படியையும் ஏற வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்கு இவை எவ்வளவு தூரம் வரும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தொழில் வகைப்பாட்டில் கடல் மீன்பிடிப்புக்கான நான்கு இலக்கக் குறியீடு 0311. பாசி எடுப்பதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நான்கு இலக்கத்தில் நிறுத்தினால் விசைப்படகு உரிமையாளரும், இடுப்பளவு நீரில் நின்று பாசி பறிப்பவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளில் நடந்தது. சராசரியாகப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 900 வீடுகள். 2011 கணக்குப்படி 13,53,445 பேர் வாழ்ந்த இராமநாதபுரத்தில், கமுதியும் பரமக்குடியும் முதுகுளத்தூரும் சேர்ந்த அந்த 900க்குள் பாசி எடுக்கும் வீடு எத்தனை வந்துவிடும்? கைவிரல் எண்ணிக்கைதான் வரும். அதை வைத்துக்கொண்டு சதவீதம் போட்டால் அது கணக்காகாது.

இன்னொரு பொறி. அந்த ஆய்வின் இடக் குறிப்புகளை வைத்து ‘கடலிலிருந்து எத்தனை தூரம்’ என்று அளக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். அடையாளம் மறைய வேண்டும் என்பதற்காக, நகர்ப்புறப் புள்ளிகள் 2 கிலோமீட்டர் வரையும், கிராமப்புறப் புள்ளிகள் 5 கிலோமீட்டர் வரையும், கிராமப்புறத்தில் நூற்றுக்கு ஒன்று 10 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கப்பட்டவை. உள்நாட்டு மாவட்டத்தில் இது பெரிய பிழையாகாது. பாம்பன் தீவில், அதிலும் இரு கடலுக்கு நடுவே நிலம் நாடாவைப் போல் ஒடுங்கிப் போகும் தனுஷ்கோடிப் பக்கத்தில், 5 கிலோமீட்டர் என்பது என்ன என்று நீங்களே அறிவீர்கள். அலை வாசலில் இருக்கும் ஊரும் உள்ளே தள்ளி இருக்கும் ஊரும் அந்தத் தரவில் இடம் மாறிவிடும். காப்பதற்காகச் செய்த மாற்றம் என்பதை மறந்து அதை உண்மையான இடமாக எடுத்துக்கொண்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

இந்தத் தரவை வெளியிட்டு வந்த டி.எச்.எஸ். திட்டம், அமெரிக்க அரசின் நிதி நின்றதால் 2025 பிப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியதையும் மறக்க வேண்டாம். எங்கோ ஒரு நாட்டின் நிதி முடிவால் நம் ஊர்த் தரவு நமக்கே எட்டாமல் போனது. நம் பதிவேடுகளை நாமே ஒழுங்காகத் திறக்கும் ஏற்பாடு வேண்டும் என்று நான் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

மண்டபம் மாணவி

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன அந்தத் தாழ்வாரக் காட்சியைப் படித்த பிறகு, மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

விண்ணப்பம் மறுக்கப்பட்ட இரண்டு வாரம் கழித்து, வேறோர் அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர், “பாவம், படிக்கிற பிள்ளை” என்ற இரக்கத்தில், ஒரு பகுதிப் பயனாளிகள் பட்டியல் முழுவதையும் எக்செல் கோப்பாக என் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டார். திறந்து பார்த்தேன். பெயர், தந்தை பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே உருட்டிக்கொண்டு போகையில் என் சித்தியின் பெயர் வந்தது. அவர் கணக்கு எந்த வங்கிக் கிளையில் என்பதும், அவர் எங்களிடம் சொல்லாத ஒரு விவரமும் அந்த வரியில் இருந்தன. உடனே கணினியை மூடிவிட்டேன். கோப்பு இன்னும் அதில்தான் இருக்கிறது. ஆய்வுக்கு அது அப்படியே பொருந்தும் என்பதும் எனக்குத் தெரியும். என்ன செய்யட்டும்?

ஓய்வுபெற்ற கணக்கெடுப்பாளர், இராமநாதபுரம்

மூடியது சரி, அம்மா. இனி அதைத் திறக்காதீர்கள். மின்னஞ்சலிலும், கணினியிலும், தானாகச் சேமிக்கும் மேகக் கிடங்கிலும், குப்பைப் பெட்டியிலும் என நான்கு இடத்திலும் அழியுங்கள். அனுப்பியவருக்கு எழுத்தில், மரியாதையாக, ‘அழித்துவிட்டேன், இனி இப்படி யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்று தெரிவியுங்கள். உங்கள் நெறியாளரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கோபத்தில் அவரைக் காட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்பு இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று அந்த அலுவலகம் அறிய வேண்டியது அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவசியம்.

நேர்வழியில் கேட்டவருக்கு ஒரு வரியில் மறுப்பு. தெரிந்தவருக்கு முழுக் கோப்பு. இந்த நிலைதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிக வேதனை தருகிறது. முறையான வாசல் இல்லாத இடத்தில் கொல்லைப்புறம் தானே திறந்துகொள்கிறது.

கீழக்கரை வழக்கறிஞர்

சட்டப் பக்கத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017இல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆராய்ச்சிக்கும் புள்ளியியலுக்கும் 17ஆம் பிரிவில் விலக்கு ஒன்றைத் தருகிறது. அந்த விலக்குக்கு இரண்டு நிபந்தனைகள்: அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட எந்த நபர் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது, வகுக்கப்பட்ட தரநிலைகளின்படி அதைக் கையாள வேண்டும். ஆகவே ‘சட்டம் தடுக்கிறது’ என்ற ஒற்றை வரி முழு உண்மை இல்லை; ‘ஆராய்ச்சி என்றால் எல்லாம் தரலாம்’ என்பதும் இல்லை. மாணவிக்கு வந்த கோப்பு இந்த இரண்டாவது நிபந்தனையில் விழுந்துவிடும்.

தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவை 2023ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தி இறுக்கிவிட்டது. இந்தத் திருத்தம் பொதுக் கணக்குக் கேட்பவர்களுக்குத் தீங்கானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் உங்களுக்குத் தேவையான தொகுப்பு எண்ணிக்கைகளை, அதாவது ஊர் வாரியாக எத்தனை விண்ணப்பம், எத்தனை ஏற்பு, எத்தனை நிராகரிப்பு என்பதை, இன்றும் அந்தச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

தரவு ஆய்வாளர், சென்னை

வழக்கறிஞர் காக்கா சொன்ன ‘தரநிலை’ நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டு ஏற்பாடுகளைப் பார்க்கலாம். பிரான்ஸ் நாட்டின் சி.ஏ.எஸ்.டி. மையம் ஆய்வாளருக்குத் தரவை அனுப்புவதில்லை. கைரேகை வைத்தால் மட்டும் திறக்கும் ஒரு சிறு பெட்டியைத் தருகிறது. அதன் வழியே மையத்தின் கணினியில் வேலை செய்யலாம். ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வு மையங்களில் நுழைபவர் வாழ்நாள் முழுவதற்குமான உறுதிமொழி எடுக்கிறார். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். பிரிட்டனில் கேள்வி, ஆள், இடம், தரவு, வெளிவரும் முடிவு என ஐந்தையும் தனித்தனியே சோதிக்கும் முறை 2003 வாக்கில் உருவானது.

இந்த ஐந்தில் நம் ஆட்கள் மறந்துவிடுவது கடைசியை. தரவைப் பூட்டி வைத்துவிட்டு, ஆய்வேட்டின் அட்டவணையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். நம் கரையிலிருந்தே ஒரு கற்பனை அட்டவணை தருகிறேன். ஓர் ஊரில் ‘படகு இலங்கையில் பிடிபட்டிருக்கும் வீடுகள்: 2’ என்று ஒரு கட்டம், அதன் பக்கத்தில் ‘அவற்றில் கடன் தவணை தவறியவை: 2’ என்று ஒரு கட்டம். எந்த இரண்டு வீடு என்பது ஊருக்கு முன்பே தெரியும். அவர்கள் தவணை கட்டவில்லை என்பது தெரியாது. அதை ஊருக்குச் சொன்னது உங்கள் ஆய்வேடு. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, ஆனாலும் அடுத்த வாரம் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பலசரக்குக் கடையில் கடன் கிடைக்காது.

ஆகவேதான் 5 அல்லது 10க்குக் குறைவான கட்டங்களை வெளியிடக் கூடாது என்று பல மையங்கள் விதி வைத்திருக்கின்றன. அதை மறைத்தாலும் போதாது. மொத்தம் 31, மற்றவை 29 என்று பக்கத்தில் இருந்தால் மறைத்த 2 வெளியே வந்துவிடும். இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். நண்டு வியாபாரம் போன்றவற்றில் வேறு சிக்கல்: ஒரு துறைமுகத்தில் பெரும்பங்கை ஒருவரே வாங்குகிறார் என்றால், மொத்தத் தொகையை வெளியிடுவதே அவர் கணக்கை வெளியிடுவதாகிவிடும்.

தங்கச்சிமடம் கடல்தொழிலாளி

அந்த இரண்டு வீட்டுக் கணக்கு என் நெஞ்சில் தைத்தது. எங்கள் தெருவில் அப்படிப்பட்ட வீடு இருக்கிறது. நான் முதலில் எழுதிய வேகத்தில் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். ஊர் வாரியாகத் திறக்க வேண்டாம். நாலைந்து ஊரைச் சேர்த்துச் சொன்னாலும் எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

மண்டபம் மாணவி

கோப்பை அழித்துவிட்டேன். அனுப்பியவருக்கு எழுதினேன், நெறியாளரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்.

புதிய விண்ணப்பத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். முன்பு ‘பெயர் நீக்கிய பதிவேடு முழுவதும்’ என்று கேட்டிருந்தேன். இப்போது ஆறே விவரங்கள்: நிவாரணம் வந்த மாதம், வராததற்கான காரணக் குறியீடு, வயதுக்குப் பதிலாகப் பத்தாண்டு வயதுப் பிரிவு, பாலினம், ஊருக்குப் பதிலாக நான்கைந்து ஊர் சேர்ந்த தொகுதி, வீட்டில் பள்ளிப் பிள்ளை உண்டா என்பது. ஒவ்வொன்றும் ஆய்வின் எந்தக் கேள்விக்கு வேண்டும் என்று எதிரே எழுதியிருக்கிறேன். எழுதும்போதுதான் முன்பு கேட்டவற்றில் பாதிக்கு என்னிடம் காரணமே இல்லை என்பது தெரிந்தது.

பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்களா என்பது கல்வித் துறையின் எமிஸ் என்னும் மாணவர் பதிவில் இருக்கிறது. இரண்டு பதிவேட்டையும் நான் கையில் வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. இரு துறை அலுவலர்களும் தங்களுக்குள் பொருத்தி, அடையாளத்துக்குப் பதில் பொருளற்ற எண் ஒன்றை இட்டு, அவர்கள் அலுவலகக் கணினியிலேயே என்னை உட்கார வைத்தால் போதும் என்று கேட்டிருக்கிறேன். பென்டிரைவ் கொண்டு வர மாட்டேன், 10க்குக் குறைந்த கட்டம் எதையும் எடுத்துச் செல்ல மாட்டேன், ஒவ்வோர் அட்டவணையையும் அவர்கள் பார்த்த பிறகே வெளியே கொண்டு போவேன் என்று உறுதிமொழிப் பத்திரம் இணைத்திருக்கிறேன். கடன் தொகையைப் பதிவேட்டில் தேட மாட்டேன்; அதை நானே வீடுகளுக்குப் போய், சம்மதம் பெற்று, கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கெடுப்பாளர், இராமநாதபுரம்

இதை மறுப்பவர் காரணம் எழுத வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆய்வு முடிந்ததும் அந்தக் கணினியில் இருக்கும் பொருத்திய கோப்பு எந்தத் தேதிக்குள் அழிக்கப்படும், யார் முன்னிலையில் என்று. வீட்டுக்குப் போகும்போது கடன் கேள்வியைத் தாழ்வாரத்தில் கேட்காதீர்கள். பாசி காயவைக்கும் இடத்திலோ, தண்ணீர் எடுக்கப் போகும் வழியிலோ தனியே கேளுங்கள்.

தங்கச்சிமடம் கடல்தொழிலாளி

தங்கச்சி, ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன் அந்த அட்டவணைகளை ஒரு நாள் எங்கள் வலைக் கொட்டகையில் வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கட்டம் யார் வீட்டைச் சுட்டுகிறது என்று எந்த அதிகாரியையும் விட எங்கள் பெண்கள் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள்.

மண்டபம் மாணவி

வருகிறேன், அண்ணா. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத நாள் என்றால் அன்று மாலையே வருகிறேன். கட்டங்களைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொண்டு வருகிறேன்.